ஊர் ஆடும் நாடகமும் ஊருக்கு ஆடும் கூத்தும்

இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். வட தமிழ்நாட்டுத் தெருக்கூத்தோ இரவு பத்து மணிவாக்கில் தொடங்கி, பொழுது விடியும்போது மங்களம் பாடி முடிவது. சட்டம் அடங்கியிருக்கச் சொல்லும் நேரம்தான் கூத்து ஆடுகிற நேரம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழில் வட்டாரத்தில் இந்த மோதல் இன்னும் கூர்மையானது. அங்கே எல்லாருக்கும் இரவு ஒரே மாதிரி வருவதில்லை. ஒருவர் நைட் ஷிஃப்டில் இருப்பார். ஒருவர் இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவு நெருங்கும்போது கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவார். இன்னொருவர் விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்க எட்டு மணிக்கே படுத்திருப்பார்.

நாடகக் குழுவுக்கும் ஊராருக்கும் வரும் சச்சரவைக் கலைக்கும் தூக்கத்துக்கும் நடக்கும் சண்டையாகப் பார்ப்பது வழக்கம். அதன் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. ஊர் என்றால் யார், அந்த ஊரில் பேச்சுரிமை உள்ளவர் யார் என்ற கேள்வியே அது. இதை விளங்கிக்கொள்ள இரண்டு நாடகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று, காஞ்சிபுரம், செய்யாறு, உத்திரமேரூர் பக்கங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் ஆடப்படும் பாரதக் கூத்து. மற்றொன்று, ஜெர்மனியில் பவேரிய மலையடிவாரத்திலுள்ள ஓபராமர்காவ் என்ற சுற்றுலா ஊரின் ஏசு பாடுகள் நாடகம். நம் கத்தோலிக்கர்கள் பாஸ்கா என்று சொல்லும் வகை அது.

வேண்டுதலில் பிறந்தவை

ஓபராமர்காவில் இன்று ஐயாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்கிறார்கள். 1633-இல், முப்பதாண்டுப் போர்க் காலத்தில், அங்கே கொள்ளைநோய் புகுந்தது. பக்கத்து ஊரில் வேலை பார்த்த உள்ளூர்க்காரர் ஒருவர் கோயில் திருவிழாவுக்காகக் காவலைத் தாண்டி வீட்டுக்கு வந்தார், நோயும் அவரோடு வந்தது என்பது ஊர்க் கதை. சாவு நின்றால் ஏசுவின் பாடுகளைத் தொடர்ந்து நடித்துக் காட்டுவோம் என்று ஊர் நேர்ந்துகொண்டது. 1634-இல் முதல் ஆட்டம் நடந்தது. 1680 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கு வந்தது. 2020-இல் நடக்கவேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய் 2022-இல் நடந்தது. அடுத்தது 2030-இல்.

பாரதக் கூத்தும் நேர்த்திக்கடனில் வேர்விட்டதே. மழைக்கும் பிள்ளை வரத்துக்கும் ஊர் நலத்துக்கும் அம்மனிடம் வேண்டிக்கொண்டு எடுக்கும் விழா அது. சுவரொட்டிகளில் 'அக்னி வசந்த மகாபாரதப் பெருவிழா' என்று அச்சிடுவார்கள். பகலில் வில்லிபாரதம் ஒட்டிய பிரசங்கம், இரவில் கூத்து என்று பத்து நாளுக்கு மேலும் நடக்கும். அர்ச்சுனன் தபசில் ஆட்டக்காரர் உயரமான மரத்தில் ஏறிப் பாடி, பழமும் பூவும் இறைப்பார். பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் அவற்றை மடியில் ஏந்துவார்கள். கடைசி நாள் காலை படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் தரையில் நீளமாகக் கிடக்க, வேடமிட்ட பீமனும் துரியோதனனும் அந்த உருவத்தைச் சுற்றி ஓடிச் சண்டையிடுவார்கள். துரியோதனன் தொடை பிளந்ததும் திரௌபதி கூந்தல் முடிப்பாள். மாலையில் தீமிதி.

இரண்டிலும் நாடகம் பொழுதுபோக்குக்கு முன்னால் கடமையாக இருக்கிறது. அதனால்தான் இரண்டையும் சுற்றி எழுகிற சச்சரவு சூடாகவும் இருக்கிறது. பிடிக்காத சினிமாவிலிருந்து எழுந்து போய்விடலாம். ஊர் நேர்ந்துகொண்டதிலிருந்து எழுந்து போக ஊரை விட்டே போகவேண்டியிருக்கும்.

ஆடுவது யார்

வேறுபாடு இங்கே தொடங்குகிறது. ஓபராமர்காவில் நாடகக் கம்பெனி என்று தனியாக ஒன்று கிடையாது. ஊரே கம்பெனி. அங்கே பிறந்தவர்கள், அல்லது இருபது ஆண்டுகள் குடியிருந்தவர்கள் மட்டுமே மேடை ஏறலாம். ஒரு பருவத்தில் மேடை, இசை, பின்னணி என்று கிட்டத்தட்ட ஈராயிரம் பேர் சேர்கிறார்கள். தச்சரும் ஆசிரியரும் விடுதி நடத்துபவரும் நடிக்கிறார்கள். ஆட்டத்துக்கு முந்தைய ஆண்டு சாம்பல் புதன் முதல் ஆண்கள் முடியும் தாடியும் வளர்க்கவேண்டும் என்று அறிவிப்பு ஒட்டப்படும்.

பாரதக் கூத்தில் ஊரார் விழா எடுப்பவர்கள், ஆடுபவர்கள் ஜமா எனப்படும் வெளியூர்க் கூத்துக் குழுவினர். தாம்பூலம் மாற்றி முன்பணம் கொடுத்து, வாத்தியாரிடம் நாள் பேசி முடிப்பார்கள். கிரீடமும் புஜகீர்த்தியும் பெட்டியில் ஏற்றி, முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியத்தோடு ஜமா வந்து இறங்கும். பங்குனி தொடங்கி ஆடி வரை அவர்களுக்கு ஊர் ஊராகப் போகும் வாழ்க்கை. ஊருக்கும் ஜமாவுக்கும் வரும் மனத்தாங்கலும் இந்த உறவிலிருந்தே வருகிறது. நேரத்துக்கு வரவில்லை, கட்டியங்காரன் எல்லை மீறிப் பேசினான், கர்ண மோட்சத்தில் பாட்டைக் குறைத்துவிட்டார்கள் என்று ஊர் குறைசொல்லும். பேசிய தொகையில் பாக்கி, தங்கும் இடம் மோசம், நடு ஆட்டத்தில் அன்பளிப்பு அறிவிக்கச் சொல்லி ஆட்டத்தைக் கெடுக்கிறார்கள் என்று ஜமா குறைசொல்லும். இவை கூலி கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான வழக்குகள். விடிந்ததும் பேசித் தீர்ந்துவிடும், அல்லது அடுத்த ஆண்டு வேறு ஜமாவுக்குத் தாம்பூலம் போகும்.

ஓபராமர்காவில் வேறு ஜமாவுக்குப் போக வழியில்லை. எனவே சண்டையை உள்ளேயே போட்டுத் தீர்த்தாகவேண்டும். அவர்கள் போட்ட சண்டைகள் சிறியவை அல்ல. 1934-இல் முந்நூறாம் ஆண்டுச் சிறப்பு ஆட்டத்தைப் பார்க்க ஹிட்லர் வந்தார். யூதர்களைக் கொடியவர்களாகக் காட்டிய பழைய பாடம் அவருக்கு உவப்பானது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஏசுவின் சாவுக்கு யூத இனத்தையே குற்றம் சாட்டும் போக்கைக் கைவிட்ட பிறகும் ஊர் அந்தப் பாடத்தை விடவில்லை. 1970-இல் யூத அமைப்புகள் புறக்கணிப்புக்கு அழைத்தன. 1977-இல் பதினெட்டாம் நூற்றாண்டின் வேறொரு பாடத்தைச் சோதனையாக மேடையேற்றிப் பார்த்தார்கள். ஊர் இரண்டுபட்டது. 1980-இல் பழைய பாடமே வென்றது.

திருப்பம் கிறிஸ்தியான் ஷ்டூக்கல் என்ற உள்ளூர் இளைஞரால் வந்தது. இருபதுகளின் நடுவில் இயக்குநராகத் தேர்வான அவர் 1990 முதல் எல்லா ஆட்டங்களையும் இயக்கிவருகிறார். பாடத்தைத் திருத்தினார். ஏசுவை யூதராகவே காட்டினார். கத்தோலிக்கர் அல்லாதோருக்கும் முக்கிய வேடங்களைத் திறந்தார். 2022-இல் யூதாஸாக நடித்தவர்களில் ஒருவர் துருக்கி வம்சாவளியில் வந்த முஸ்லிம் இளைஞர். ஒவ்வொரு படியிலும் ஊரில் ஒரு பாதி அவரை எதிர்த்தது.

பெண்கள் ஏறிய மேடை

1990 என்ற ஆண்டு இரண்டு இடங்களுக்கும் பொதுவானது. அதுவரை ஓபராமர்காவில் திருமணமான பெண்களும் முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களும் நடிக்கத் தடை இருந்தது. பெண்கள் நீதிமன்றம் போனார்கள். 1990-இல் தடை விழுந்தது. அதே 1990-இல் காஞ்சிபுரம் பக்கத்தில் கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் மற்ற ஆட்டக்காரர்களும் கட்டைக்கூத்துச் சங்கத்தை அமைத்தார்கள். நெதர்லாந்திலிருந்து ஆய்வுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட ஹன்னே டி புருயின் உடன் நின்றார். 2002-இல் புஞ்சரசந்தாங்கலில் சங்கம் தொடங்கிய குருகுலம் பள்ளிப் படிப்போடு கூத்தையும் கற்றுக்கொடுத்தது. ஆண்களே பெண் வேடமும் கட்டிவந்த கலையில் பெண் பிள்ளைகள் கிரீடம் கட்டி அடவு போட்டார்கள். பெண் ஆடினால் தாம்பூலம் கொடுப்பார்களா என்ற தயக்கம் ஊரிலும் ஜமாக்களிலும் இருந்தது. அந்தத் தயக்கத்தை மீறிய பள்ளி 2020-இல் மூடப்பட்டது.

ஓபராமர்காவில் தீர்ப்பு வந்த மறுநாள் முதல் ஊர் மேடை பெண்களுடையதும் ஆயிற்று, ஏனென்றால் மேடை ஏற்கெனவே ஊருக்குச் சொந்தம். காஞ்சிபுரத்தில் ஒரு சங்கம் புதிதாகப் பள்ளி கட்டி, ஆட்டக்காரரை உருவாக்கி, பிறகு ஊர் ஊராகப் போய் ஒப்புக்கொள்ளவைக்கவேண்டியிருந்தது. பெரிய வேலையைச் செய்தது சிறிய அமைப்பு. அதன் சுமையை ஊர்கள் பகிர்ந்துகொள்ளவில்லை.

ஊர்க்காரர் யார்

இருபது ஆண்டு விதி இன்றைய காதுக்குக் கடுமையாக ஒலிக்கும். ஆனாலும் அதில் ஒரு நேர்மை உண்டு. எப்போது ஒருவர் ஊர்க்காரர் ஆவார் என்று அது தெளிவாகச் சொல்கிறது. நாள் வந்தால் கதவு திறக்கும். பிறப்போ மதமோ குறுக்கே நிற்காது.

நம் ஊரில் இந்தக் கணக்கு தலைக்கட்டு வரியில் இருக்கிறது. விழாவுக்கு ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். வரி கொடுத்தவர் கூட்டத்தில் பேசலாம், காப்புக் கட்டலாம். யார் தலைக்கட்டு என்பதைச் சாதியும் தெருவும் தீர்மானிக்கின்றன. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தருமராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் நுழைந்ததை ஒட்டி 2023-இல் மோதல் வெடித்து, அந்த ஜூன் மாதம் கோயிலுக்கே சீல் வைக்கப்பட்டது. ஒரே பாரதக் கதை, ஒரே அம்மன். ஆனால் நூற்றாண்டுகளாக அங்கேயே வாழ்பவர்கள் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். இருபது ஆண்டு காத்திருந்தாலும் திறக்காத கதவாக இருந்தது அது.

தொழில் வட்டாரத்தில் இந்தக் கணக்கு முழுதும் குழம்பிவிட்டது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது. 2006-இல் நோக்கியா வந்து 2014-இல் போனது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான், பிறகு டைம்லர், ராயல் என்ஃபீல்டு. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஓபராமர்காவின் மொத்த மக்கள்தொகையைப் போல மூன்று மடங்குக்கும் மேலானவர்கள் ஒரே விடுதி வளாகத்தில். இவர்களோடு லைன் வீடுகளில் தங்கியிருக்கும் பீகார், ஒடிசா, அசாம் தொழிலாளர்களும் தென் மாவட்டப் பிள்ளைகளும் சேர்ந்தால், பல கிராமங்களில் தலைக்கட்டுக் கணக்கில் இல்லாதவர்களே அதிகம்.

2021 டிசம்பரில், விடுதி உணவு உண்டு உடன் பணியாற்றியவர்கள் நோயுற்றதை அடுத்து, ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். 2024-இல் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். சாலையில் அமர்ந்தால்தான் கண்ணில் படும் இந்த மக்களுக்கு, பக்கத்துத் தெருவில் நடக்கும் கூத்து வெறும் சத்தமாக மட்டுமே வந்து சேர்வதில் வியப்பில்லை. விழாவுக்கு அவர்களிடம் யாரும் வரி கேட்கவில்லை, வந்து உட்காரவும் சொல்லவில்லை. புதிய விமான நிலையத்துக்காக எடுக்கப்படவிருக்கும் நிலத்தில் உள்ள ஏகனாபுரம் 2022 முதல் போராடிவருகிறது. ஒரு பக்கம் ஊர் இல்லாத மக்கள், இன்னொரு பக்கம் மக்களிடமிருந்து பறிபோகும் ஊர். இரண்டுக்கும் நடுவில் ஜமா யாரிடம் தாம்பூலம் வாங்குவது?

நேரமும் அரசும்

நேரத்துக்காக ஓபராமர்காவும் அடித்துக்கொண்டது. காலையில் தொடங்கி மாலையில் முடிந்த நாடகத்தை மதியம் தொடங்கி இரவில் முடிக்கலாம், சிலுவைக் காட்சிக்கு இருட்டு வேண்டும் என்றார் ஷ்டூக்கல். குளிரும், விருந்தினர் இரவு உணவுக்கு வரமாட்டார்கள், வியாபாரம் கெடும் என்று எதிர்ப்பு கிளம்பியது. 2007-இல் ஊர் வாக்கெடுப்பு நடந்தது. இயக்குநர் பக்கம் வென்றது. 2010-இல் நாடகம் இரவுக்குள் நீண்டது. தோற்றவர்களில் பலரும் அதே மேடையில் நடித்தார்கள்.

நம்மிடம் நேரத்தைப் பற்றிய பேச்சு ஊர்க் கூட்டத்துக்கு வருவதில்லை. அது காவல் நிலையத்துக்குப் போகிறது. விழாக் காலத்தில் ஆண்டுக்குப் பதினைந்து நாள் வரை நள்ளிரவு பன்னிரண்டு மணி வரை அனுமதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. 2005-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால் பன்னிரண்டு மணிக்குக் கூத்தில் துகில் உரிதலே தொடங்கியிருக்காது. யாராவது நூறு எண்ணுக்கு அழைத்தால் காவலர் வருவார், மைக் நிற்கும். மைக் இல்லாமலும் ஆடத் தெரிந்த கலைதான் கூத்து. அடித்தொண்டையிலிருந்து எழும் குரலும் முகவீணையும் ஒரு தெருவுக்குப் போதும். ஆனால் லாரிகள் ஓடும் சாலையோர ஊரில் அந்தத் தெருவே அமைதியாக இல்லை.

அரசுக்கு நாடகத்தின் மேல் சந்தேகம் எங்கும் உண்டு. 1770-இல் பவேரிய அரசு பாடுகள் நாடகங்களைத் தடைசெய்தது. ஓபராமர்காவ் மன்றாடி, 1780-இல் மறுபடி ஆடியது. சென்னை மாநிலத்தில் எம்.ஆர். ராதாவின் நாடகங்களை ஒட்டி 1954-இல் வந்த நாடகச் சட்டம் மேடை ஏறும் முன் பிரதியைக் காட்டச் சொன்னது. பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டைச் செல்லாது என்றது. தணிக்கை போயிற்று, அனுமதிச் சீட்டு போகவில்லை. ஓபராமர்காவுக்கு மன்றாட ஓர் ஊராட்சி இருந்தது. ஜமாவுக்காகப் பேச விழாக்குழு மட்டுமே இருக்கிறது, அதுவும் அந்த ஓர் இரவுக்கு.

பணம்

ஓபராமர்காவை இலட்சிய ஊராக்கிக் காட்டவேண்டியதில்லை. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள், ஒரு பருவத்தில் நூறுக்கு மேல் ஆட்டங்கள், பல லட்சம் பார்வையாளர்கள் என்று நேர்த்திக்கடன் அங்கே பெரிய வணிகமாகிவிட்டது. விடுதியறையும் உணவும் சேர்த்து விற்கும் நுழைவுச்சீட்டுகள், மரச்சிற்பக் கடைகள் எல்லாம் அதை நம்பியிருக்கின்றன. பக்தியை விற்கிறீர்கள் என்ற குற்றச்சாட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. ஆனால் வருமானம் ஊராட்சியின் கணக்குக்கு வருகிறது. ஊர்ப் பொதுச் செலவுக்குப் போகிறது. நாடகம் தள்ளிப்போன 2020-இல் நடிகர்களுக்கு வேறு வேலை இருந்தது. அதே ஆண்டு பங்குனியில், பருவம் தொடங்கும் நேரத்தில் வந்த ஊரடங்கு கூத்துக்காரரின் ஓராண்டு வருமானத்தைத் துடைத்துவிட்டது.

இத்தனைக்கும் கூத்து உலகம் அறியாத கலை அல்ல. ந. முத்துசாமி 1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கியதற்குத் தூண்டுதல் புரிசை நடேசத் தம்பிரானின் கூத்து. அதே குடும்பத்தின் கண்ணப்ப சம்பந்தன் தம்பிரானிடம் கற்ற கூத்தை பிரெஞ்சு நாடக இயக்குநர் அரியான் முனுஷ்கின் 2016-இல் பாரிஸில் தம் 'இந்தியாவில் ஓர் அறை' நாடகத்தில் ஆடவைத்தார். செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையிலிருந்து பாரிஸுக்கு வழி இருந்தது. அருகிலுள்ள வல்லம் வடகால் விடுதி வாசலுக்கு வழியில்லை.

ஒப்பீடு காட்டுவது

ஓபராமர்காவில் சச்சரவு அதிகம், கூத்து நிலத்தில் சச்சரவு குறைவு. அதனாலேயே முதலாவது பிழைத்தது என்பது என் முடிவு. அங்கே சண்டைக்கு ஓர் இடம் இருந்தது. ஊராட்சி மன்றம், வாக்கெடுப்பு, நீதிமன்றம் என்று தோற்றவர் மறுபடி முறையிடும் வழி இருந்தது. அந்த வழியில்தான் பெண்கள் மேடை ஏறினார்கள், யூத வெறுப்பு பாடத்திலிருந்து இறங்கியது. இங்கே குறைவாகத் தெரிவது அமைதி அன்று. தலித்துக்கும் குடிவந்தவருக்கும் ஆடும் கலைஞருக்கும் பேசும் இடமே இல்லாததால் புகார் காவல் நிலையத்துக்குப் போகிறது, விழாக்குழு வம்பு வேண்டாம் என்று கூத்துக்குப் பதில் லைட் மியூசிக் வைக்கிறது. யாரும் தடைசெய்யாமலே கலை ஊரை விட்டு நகர்கிறது.

செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. தலைக்கட்டுக் கணக்கில் காலனியையும் வாடகை வீடுகளையும் சேர்த்து, வரியோடு பேச்சுரிமையும் கொடுக்கவேண்டும். விழா நாட்களையும் ஒலி நேரத்தையும் பங்குனிக்கு முன்பே கிராம சபையில் பேசி எழுதிவைத்து, அந்தத் தீர்மானத்தோடு காவல் நிலையம் போகலாம். ஜமாவின் வாத்தியாரும் அந்தக் கூட்டத்தில் உட்காரவேண்டும். முழு இரவு முடியாத ஊர்களில் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கே களரி கட்டலாம், இருட்டுக்காகப் பொழுதை மாற்றிய ஷ்டூக்கலைப் போல நாம் ஷிஃப்டுக்காகப் பொழுதை மாற்றுவதில் குற்றமில்லை. லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொல்லும் 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், மரபுக் கலைகளையும் அந்தப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஒரகடத்துத் தொழிற்சாலைகள் அதில் ஒரு பங்கை ஜமாக்களின் பருவச் சம்பளத்துக்கு ஒதுக்கட்டும், விடுதிப் பெண்கள் முன்வரிசையில் உட்காரட்டும். அடுத்த பங்குனிக்குக் காப்புக் கட்டும் விழாக்குழுக்கள், முதல் கூட்டத்துக்கு யாரை அழைக்கவில்லை என்பதை ஒருமுறை எண்ணிப்பார்க்கவேண்டும்.